ஒரு புள்ளி வெளியே நிற்கிறது, எல்லாரும் ‘சூப்பர்’ என்கிறார்கள்

சத்து_அம்மா
செவ்வாய், இரவு 9.40

மார்கழி பிறந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. நாங்கள் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். என் மகளுக்கு 11 வயது, 6-ஆம் வகுப்பு படிக்கிறாள்.

போன மார்கழியில் என்னை எழுப்பிவிட்டதே அவள்தான். அஞ்சு மணிக்கெல்லாம் வாசல் தெளித்துவிட்டு, அவளுடைய ஆயா வைத்திருந்த பழைய கோல நோட்டைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு புள்ளி வைக்க உட்கார்ந்துவிடுவாள். பூக்கோலம், மயில் கோலம் எதுவும் வேண்டாம், சிக்குக் கோலம்தான் வேண்டும். எங்கே ஆரம்பித்ததோ அங்கேயே வந்து இழை முடிய வேண்டும், ஒரு புள்ளிகூட வெளியே நிற்கக் கூடாது. அதில் அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

இந்த வருஷம் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ 13 புள்ளி வைத்து ஒரு கோலம் போட்டாள். வலது மூலையில் இழை தடம் மாறிவிட்டது. ஒரு புள்ளி தனியாக வெளியே நின்றது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. மாவுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சரியாக அந்த நேரம் பால் வாங்க வந்தவர்கள், நடைப்பயிற்சி போகிறவர்கள் எல்லாரும் “சூப்பர் கண்ணு, நீயா போட்ட?” என்றார்கள். நான் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சித்தப்பா ‘வேற லெவல்’ என்றார், அத்தை ‘தெருவுக்கே ராணி’ என்றாள். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. நானும் என் பங்குக்கு, “வேலூரிலேயே இதுதான் அழகான கோலம்” என்றேன். எனக்கும் அந்தப் புள்ளி தெரிந்தது. தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாளிலிருந்து கோல அச்சை எடுத்துவிட்டாள். அந்தச் சல்லடைத் தட்டு, மாவைப் போட்டுத் தேய்த்தால் தாமரை வந்து விழுமே, அதுதான். “இதுல தப்பே வராதும்மா” என்றாள். இரண்டு வாரமாக வாசலில் அதே தாமரைதான்.

போன வாரம் கேட்டேவிட்டேன், ஏன் சிக்குக் கோலம் போடுவதில்லை என்று. சொல்லவில்லை. ராத்திரி படுத்த பிறகு அவளாகவே கேட்டாள்: “போன வருஷம் போட்டதுக்கும் சூப்பர்னுதானே சொன்னீங்க. அப்போ அதுலயும் தப்பு இருந்துச்சா?”

எனக்குத் தூக்கம் போய்விட்டது. போன வருஷம் அவள் போட்டதெல்லாம் நிஜமாகவே நன்றாக இருந்தன. நான் இந்த வருஷம் சொன்ன ஒரு பொய், போன வருஷம் சொன்ன உண்மையையும் சேர்த்து அழித்துவிட்டது.

என் அம்மா வீட்டில் யாரும் எங்களைப் பாராட்டியதே கிடையாது. அதனால் என் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கக் கூடாது என்று பிறந்ததிலிருந்தே வாரி இறைத்தேன். இப்போது என்ன செய்வது? பாராட்டுவதை நிறுத்திவிடுவதா? குறைத்தால் அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொள்வாளா? வளர்ந்த பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

மார்க்கெட்_ராஜா
செவ்வாய், இரவு 10.15

அக்கா, நான் நேதாஜி மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். பிள்ளை வளர்ப்பு பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனால் கொசுறு பற்றித் தெரியும்.

காய் வாங்குகிறவர்களுக்குக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகப் போடுவோம். அப்பா காலத்தில் ரொம்ப நாள் வாடிக்கைக்கு மட்டும்தான் போடுவார். வாங்குகிறவர்கள் முகம் மலர்ந்துவிடும். நான் வந்த பிறகு எல்லாருக்கும் போட ஆரம்பித்தேன். இப்போது யாரும் அதைக் கவனிப்பதே இல்லை, பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனால் மழைக்காலத்தில் விலை ஏறி, போடாமல் விட்டால் மட்டும் “என்னப்பா, என் மேல் கோபமா?” என்று கேட்கிறார்கள். போட்டால் மரியாதை இல்லை, போடாவிட்டால் அவமரியாதை.

நீங்கள் கடைசியில் கேட்டீர்களே, நிறுத்தினால் கோபம் என்று நினைத்துக்கொள்வாளா என்று. நினைத்துக்கொள்வாள் அக்கா. பழக்கிவிட்டோம். திடீரென்று நிறுத்தாதீர்கள்.

கூத்து_ஆற்காடு
புதன், காலை 6.50

வடஆற்காட்டுக்காரன் என்பதால் தெருக்கூத்திலிருந்து சொல்கிறேன். 14 வயதில் வேஷம் கட்ட ஆரம்பித்தேன். இப்போது 50-ஐத் தாண்டிவிட்டேன்.

எங்கள் வாத்தியார் மேடையில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்று பின்பாட்டுப் பாடுவார். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை கூத்து. ஆடுகிறவன் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாட வேண்டும், அதன் பிறகு திரை விலகும், வெளியே வந்து அடவு போட வேண்டும். ராத்திரி முழுவதும் வாத்தியார் முகத்தில் ஒன்றும் தெரியாது. விடிந்த பிறகு, தேங்காய் எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருப்போம். அப்போதுதான் பக்கத்தில் வந்து உட்காருவார். நான் முதன்முதலில் அபிமன்யு கட்டிய ராத்திரிக்கு அவர் சொன்னது இதுதான்: “மூணாவது விருத்தத்துல சுருதி இறங்கிடுச்சி. புஜக்கட்டையை இறுக்கிக் கட்டு, கை தூக்க மாட்டேங்குது. மத்தது சரி.”

‘மத்தது சரி.’ இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் ஆடினேன். விருத்தமும் தோளில் கட்டும் அந்தக் கட்டையும் தவிர மற்ற அத்தனையும் அவர் பார்த்திருக்கிறார், கேட்டிருக்கிறார், சரி என்றிருக்கிறார். எட்டு மணி நேரமும் என் மேல் ஒரு கண் இருந்திருக்கிறது என்ற தைரியம் அதில் கிடைத்தது.

இன்னொரு பக்கம் மேடைக்கு முன்னால் நடப்பது. அந்தக் காலத்தில் கூத்து நன்றாக இருந்தால் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து சட்டையில் பத்து ரூபாய் குத்துவார். ராத்திரிக்கு ஒன்று இரண்டு நடந்தால் அதிகம். இப்போது அரைமணிக்கு ஒருதரம் ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் நம் கலைஞரைப் பாராட்டி 101 ரூபாய் அன்பளிப்பு, இன்னார் 201 ரூபாய் அன்பளிப்பு என்று மைக்கில் வாசிக்கிறோம். குழுவுக்கு அந்தக் காசு தேவை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கேட்டு எனக்கு நான் நன்றாக ஆடினேனா என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. சின்னப் பையன்கள் அதையே பார்த்து ஆட ஆரம்பித்துவிடுகிறார்கள். கிறிக்கி சுற்றினால் விசில் வருகிறது, அதனால் சுற்றிக்கொண்டே இருக்கிறான். விருத்தத்துக்கு விசில் வராது, அதை விட்டுவிடுகிறான்.

உங்கள் மகளுக்கு ஒரு வாத்தியார் வேண்டும் அம்மா. கைதட்டுகிறவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள்.

பாலாறு76
புதன், காலை 11.05

கூத்து அண்ணன் எழுதியதைப் படித்து இரண்டு தரம் எழுதி அழித்தேன். மரியாதையோடு மாறுபடுகிறேன்.

இந்த இழை எங்கே போகும் என்று எனக்குத் தெரிகிறது. அந்தக் காலத்தில் யாரும் பாராட்ட மாட்டார்கள், அதனால்தான் நாங்கள் உறுதியாக வளர்ந்தோம் என்று பத்துப் பேர் எழுதுவார்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். நான் அப்படி வளர்ந்தவன்.

அம்மா பீடி சுற்றினார். அப்பாவுக்குத் தோல் மண்டியில் வேலை. 1992-இல் பத்தாம் வகுப்பில் பள்ளியில் முதலாவதாக வந்தேன். மதிப்பெண் பட்டியலை அப்பாவிடம் நீட்டினேன். மேலிருந்து கீழே பார்த்தார். மடித்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். சொன்னால் கண் பட்டுவிடும் என்பார்கள் எங்கள் வீட்டில். எந்தக் குழந்தையையும் முகத்துக்கு நேரே நல்லது சொல்ல மாட்டார்கள், சொன்னால் அன்று ராத்திரி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட வேண்டும்.

அப்பா இறந்து பத்து வருஷம் ஆகிறது. அன்றைக்கு என்ன நினைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த வயதிலும் அலுவலகத்தில் யாராவது லேசாகத் தட்டிக்கொடுத்தால் அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறேன். இதை உறுதி என்று சொல்ல முடியாது. பசி இது.

வாத்தியார் ‘மத்தது சரி’ என்று சொன்னாரே, அந்த அளவுகூடக் கிடைக்காதவர்கள்தான் எங்களில் அதிகம். சத்து_அம்மா, நீங்கள் செய்தது தப்பில்லை. ஒன்றுமே சொல்லாத வீட்டிலிருந்து வந்தவர்கள் வாரித்தான் கொடுப்போம். நானும் அப்படித்தான் என் பெண்ணுக்குக் கொடுத்தேன்.

நாலாம்வகுப்பு_டீச்சர்
புதன், இரவு 8.30

அணைக்கட்டுப் பக்கம் அரசுத் தொடக்கப் பள்ளியில் 19 வருஷமாக வேலை. பாலாறு சார் சொன்ன பசியை நான் தினமும் வகுப்பில் பார்க்கிறேன். வீட்டில் யாரும் நோட்டைத் திறந்துகூடப் பார்க்காத பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நல்ல சொல் கொடுக்காமல் இருப்பது பாவம். அதனால்தான் நான் எல்லாருடைய நோட்டிலும் ‘மிக நன்று’ போட்டு நட்சத்திரம் வரைவேன். சாப்பாட்டு இடைவேளையில் 34 நோட்டு, சிவப்புப் பேனா, வேகமாகக் கை ஓடும்.

ஒரு பையன் ஒருநாள் நாலாவது கணக்கை வேண்டுமென்றே போடாமல், வெறும் கேள்வியை மட்டும் எழுதிவிட்டு நோட்டை வைத்திருக்கிறான். அதற்கும் நட்சத்திரம் விழுந்தது. அவன் அதை யாரிடமும் கோள் சொல்லவில்லை. பக்கத்துப் பையனுக்கு மட்டும் காட்டியிருக்கிறான். ஒரு வாரத்துக்குள் என் நட்சத்திரம் வகுப்பு முழுவதும் செத்துப்போனது. முன்பெல்லாம் நோட்டு கைக்கு வந்ததும் திறந்து பார்ப்பார்கள். இப்போது அப்படியே பைக்குள் போகிறது. ஏன் என்று தேடப்போய்த்தான் எனக்கு அந்த நாலாவது கணக்கு தெரிந்தது.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். உங்களுக்குப் பயன்படும் இரண்டு மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன்.

நெதர்லாந்தில் எடி ப்ரூமெல்மான் என்பவரின் குழு 2014-இல் வெளியிட்டது ஒன்று. 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளை வான்கோவின் காட்டு ரோஜா ஓவியத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள். வரைந்ததை ஒரு ஓவியர் பார்த்ததாகச் சொல்லி, சிலருக்கு ‘அழகாக வரைந்திருக்கிறாய்’ என்று சீட்டு, சிலருக்கு ‘நம்பவே முடியாத அளவுக்கு அழகாக வரைந்திருக்கிறாய்’ என்று சீட்டு, சிலருக்கு ஒன்றும் இல்லை. பிறகு, அடுத்துச் சுலபமான படம் வரைகிறாயா, கஷ்டமான படம் வரைகிறாயா என்று கேட்டார்கள். தன் மேல் நம்பிக்கை குறைவாக இருந்த பிள்ளைகள், அந்த ‘நம்பவே முடியாத அளவுக்கு’ என்ற ஒட்டுச் சொல்லைக் கேட்டதும் சுலபமான படத்துக்கு ஓடினார்கள். அடுத்ததும் அவ்வளவு அழகாக வர வேண்டுமே என்ற பயம். நம்பிக்கை நிறைய உள்ள பிள்ளைகளுக்கு அது கெடுதல் செய்யவில்லை, கஷ்டமானதைத்தான் எடுத்தார்கள். வேதனை என்னவென்றால், பெரியவர்கள் மிகைப்படுத்திப் பாராட்டுவது பெரும்பாலும் நம்பிக்கை குறைந்த பிள்ளைகளைத்தான். தேற்றத்தான் சொல்கிறோம். அது போய் அவர்கள் மேலேயே விழுகிறது.

சத்து_அம்மா, இந்த ஆய்வை முதன்முதலில் படித்தபோது புரியாத ஒன்று உங்கள் கோல அச்சைப் படித்ததும் புரிந்தது. அவள் சுலபமான படத்துக்கு ஓடியிருக்கிறாள்.

இன்னொன்று 1998-இல் அமெரிக்காவில் கிளாடியா முல்லரும் கரோல் ட்வெக்கும் செய்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்து, ஒரு பிரிவை ‘நீ புத்திசாலி’ என்றும், ஒரு பிரிவை ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் பாராட்டினார்கள். பிறகு கஷ்டமான புதிர் கொடுத்துத் தோற்கவிட்டார்கள். புத்திசாலி என்று கேட்டவர்கள் அதற்கப்புறம் கொடுத்த சுலபமான புதிரில்கூட முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். உழைப்பைப் பாராட்டிய பிரிவு முன்பைவிட நன்றாகச் செய்தது. அப்புறம், வேறொரு பள்ளிப் பிள்ளைக்கு உன் மதிப்பெண்ணை எழுது என்றபோது, புத்திசாலிப் பிரிவில் பத்தில் கிட்டத்தட்ட நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். இந்த முடிவு எல்லா இடத்திலும் இதே பலத்தோடு திரும்பக் கிடைக்கவில்லை என்று பின்னால் வாதங்கள் வந்தன, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பொய் எழுதிய பிள்ளைகள் என் மனதை விட்டுப் போகவில்லை. அவர்கள் பெயர் தெரியாத ஒரு பிள்ளைக்குத்தான் எழுதினார்கள். அதற்கே பொய் தேவைப்பட்டிருக்கிறது.

மூன்றாவது ஜெர்மனியின் வுல்ஃப் ஊவே மேயர் 1970-களிலேயே சொன்னது. சுலபமான வேலையை முடித்ததற்கு ஒருவனை ஓகோ என்று புகழ்ந்தால், வளர்ந்த பிள்ளைகளும் பெரியவர்களும் என்ன நினைக்கிறார்கள் தெரியுமா? ‘இவனால் இவ்வளவுதான் முடியும் என்று டீச்சர் நினைக்கிறார்’ என்று நினைக்கிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அந்தக் கணக்கு ஓடாது. வளர வளரத்தான் ஓடும். உங்கள் மகளுக்கு அது ஓட ஆரம்பிக்கும் வயது.

இப்போது நான் நட்சத்திரம் போடுவதில்லை. ஒரு நாளைக்கு எட்டு நோட்டு மட்டும் முழுதாகப் பார்க்கிறேன். ‘கடன் வாங்கிக் கழிப்பது மூன்று இடத்தில் சரியாக வந்திருக்கிறது, நாலாவதில் கடன் கொடுத்த எண்ணைக் குறைக்க மறந்துவிட்டாய்’ என்று எழுதுகிறேன். நோட்டைத் திறந்து பார்க்கிறார்கள்.

காட்பாடி_பிரியா
புதன், இரவு 9.10

டீச்சர், என் பையனுக்கு மூன்று வயது. ஒரு கோடு கிறுக்கினால்கூட நாங்கள் கைதட்டுகிறோம். அதுவும் தப்பா?

நாலாம்வகுப்பு_டீச்சர்
புதன், இரவு 9.25

தட்டுங்கள் அம்மா, நன்றாகத் தட்டுங்கள். மூன்று வயதில் அது சந்தோஷத்தைப் பங்கு போடுவது. முடிந்தால் கைதட்டிவிட்டு, ‘இது என்ன, யானையா?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டால் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள் என்று அவனுக்குத் தெரியும்.

தையல்_லைன்
வியாழன், மாலை 7.45

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் 16 வருஷம். ஆறு வருஷமாகத் தையல் லைனில் சூப்பர்வைசர். கம்பெனி பேர் வேண்டாம்.

எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். திட்டுவதை நிறுத்துங்கள், காலையில் ஒருதரம் சாயங்காலம் ஒருதரம் எல்லாரையும் பாராட்டுங்கள் என்றார்கள். திட்டுவதை நிறுத்தியது நல்லதுதான், முன்னால் ரொம்பக் கேவலமாகப் பேசுவார்கள். ஆனால் அதற்குப் பதிலாக வந்த ‘குட், குட்’ இருக்கிறதே, லைன் முழுக்க நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு போவோம், பீஸைக் கையில் எடுக்காமலே.

தோல் வேலையில் ஒரு விஷயம். துணி என்றால் தப்பாகத் தைத்ததைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். அதனால் புதிதாக வருகிற பெண்களை முதலில் கழிவுத் தோலிலும், அப்புறம் உள்ளே மறைகிற லைனிங்கிலும் தைக்க விடுவோம். கை நின்ற பிறகுதான் வெளியே தெரியும் முன்பக்கத் தையலுக்கு மாற்றுவோம்.

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல கை. மூன்று மாதமாக அவளை முன்பக்கத் தையலுக்குக் கூப்பிடுகிறேன், வர மாட்டேன் என்கிறாள். ‘நீதான் நல்லா தைக்கிறியே’ என்று நான் சொல்லச் சொல்ல இன்னும் பின்வாங்கினாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் தைத்த பத்து பீஸை எடுத்து டியூப்லைட் கீழே மேசையில் வரிசையாக வைத்தேன். ஒன்றும் பேசவில்லை. ஓரத்திலிருந்து தையல் எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்று ஸ்கேல் வைத்து முதல் பீஸை அளந்தேன். இரண்டு மில்லிமீட்டர். இரண்டாவதை அளந்தேன். மூன்றாவதுக்கு அவளே ஸ்கேலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பத்தையும் அளந்தாள். எட்டு சரியாக இருந்தது. இரண்டில் வளைவு வருகிற இடத்தில் தையல் ஓரத்துக்கு நெருங்கியிருந்தது. “வளைவுல மெஷினை மெதுவா விடணும் அக்கா” என்று அவளே சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை முன்பக்கத் தையலில் உட்கார்ந்தாள்.

நூறு ‘குட்’ செய்யாததை ஒரு ஸ்கேல் செய்தது. அந்த இரண்டு கெட்ட பீஸையும் பார்த்ததால்தான் எட்டு நல்ல பீஸையும் அவள் நம்பினாள் என்று நினைக்கிறேன்.

குடியாத்தம்_பையன்
வெள்ளி, அதிகாலை 1.20

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். டீச்சர், நீங்கள் சொன்ன அந்தப் பத்தில் நான்கு பேரில் நானும் ஒருவன்.

அப்பா லுங்கி நெய்கிறார். பிளஸ் டூவில் 600-க்கு 581. தெருமுனையில் பிளெக்ஸ் பேனர் வைத்தார்கள், என் போட்டோவோடு ‘அறிவுச்சுடர்’ என்று போட்டு. நான் சின்ன வயசிலிருந்தே ‘இவனுக்குப் படிக்கவே வேண்டாம், தானா வரும்’ என்று கேட்டு வளர்ந்தவன். உறவுக்காரர்கள் அவர்கள் பிள்ளைகளிடம் என்னைக் காட்டிச் சொல்வார்கள். எனக்குத் தானாக வரவில்லை. விடிகாலை நாலு மணிக்குத் தறிச் சத்தத்துக்கு முன்னால் எழுந்து படித்ததால் வந்தது. ஆனால் எல்லாரும் தானாக வரும் என்று சொன்னதால், படிப்பதை வெளியே காட்டிக்கொள்ளவே வெட்கப்பட்டேன்.

சென்னையில் பொறியியல் கல்லூரி. முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர். மற்றவர்கள் சீனியரிடம் போய்ச் சந்தேகம் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும் இல்லையா? அறிவுச்சுடருக்குத் தெரியாமல் இருக்கலாமா? வீட்டுக்குப் பத்துக்கு 8.2 வாங்கியதாகச் சொன்னேன். அப்பா அதைத் தறிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டார். இரண்டாவது செமஸ்டருக்கும் பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அந்த பேனர் கிழிந்த பிறகு பெரியப்பா ஆட்டுக் கொட்டகைக்கு மறைப்பாகக் கட்டியிருக்கிறார். ஊருக்குப் போகும்போது அதைப் பார்க்காமல் இருக்கப் பின்சந்து வழியாக வீட்டுக்குப் போகிறேன்.

யாரும் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. எல்லாரும் பாசத்தில்தான் சொன்னார்கள். அதனால்தான் யாரிடமும் போய்ச் சொல்ல முடியவில்லை.

பாலாறு76
வெள்ளி, காலை 5.55

தம்பி, உன் பதிவைப் பார்த்துவிட்டு உடனே எழுதுகிறேன். நான் என் அப்பாவைப் பற்றி எழுதியபோது, எனக்குக் கிடைக்காதது கிடைத்தவர்கள் எல்லாம் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்திருந்தேன். உனக்கு ஊரே பேனர் வைத்திருக்கிறது. ஆனால் நாலு மணிக்கு நீ எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. என் அப்பாவும் என்னுடையதைப் பார்த்தாரா என்று தெரியாது. நாம் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம்.

அப்பாவிடம் அரியரைச் சொல்லிவிடு. தறி நெய்கிறவருக்கு இழை அறுவது புதிதில்லை. அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போட்டுவிட்டு ஓட்டுவதுதானே அவர் தினமும் செய்கிற வேலை. தறிக்கூடத்தில் சொன்னது ஒரு வாரத்தில் அடங்கிவிடும். நீ தனியாக விடுதியில் இதைச் சுமந்துகொண்டு இருப்பது அடங்காது.

நாலாம்வகுப்பு_டீச்சர்
வெள்ளி, காலை 7.10

கண்ணு, அந்தக் கணக்குப் பாடத்துக்கு இன்றைக்கே ஒரு சீனியரிடம் போய்க் கேள். உனக்குத் தெரியாத ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு போ. நாலு மணிக்கு எழுந்து படிக்கிறவன் நீ. அது யாரும் உனக்குச் சொல்லாத நல்ல விஷயம், அதனால் நான் சொல்கிறேன். மறுபடியும் எழுது, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.

குடியாத்தம்_பையன்
சனி, இரவு 11.40

கேட்டேன். மூன்றாம் வருஷ அண்ணன் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அவருக்கும் இதே பாடத்தில் அரியர் இருந்ததாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன்.

சத்து_அம்மா
ஞாயிறு, மதியம் 2.30

எல்லாருக்கும் நன்றி. தம்பி எழுதியதை நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து படித்தோம். படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தோம்.

மகளிடம் உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு மூலையில் ஒரு புள்ளி வெளியே நின்றது எனக்கும் தெரியும், தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன், போன வருஷம் போட்டதெல்லாம் சரியாகத்தான் இருந்தன என்றேன். “தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள். கொஞ்சம் கோபம்தான். பிறகு போன வருஷ போட்டோக்களைக் காட்டச் சொல்லி, பெரிதாக்கி, ஒவ்வொரு புள்ளியாக அவளே பார்த்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை, சரிபார்த்தாள். தையல்_லைன் எழுதிய ஸ்கேல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

எனக்கே சிக்குக் கோலம் சரியாக வராது, அப்புறம் எப்படி வாத்தியாராக முடியும்? எதிர்வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார். ஐம்பது வருஷமாகக் கோலம் போடுகிறவர், அதிகம் பேச மாட்டார். அவரிடம் போய், நேரம் இருந்தால் ஒரு நாள் வந்து பார்க்கச் சொன்னேன். பாராட்டச் சொல்லவில்லை.

இன்று காலை மகள் மறுபடி அதே 13 புள்ளி வைத்தாள். பெரியம்மா வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கோலத்தைத் தொடாமல், ஒரு விரலை மேலே பிடித்துக்கொண்டு இழை போகும் வழியிலேயே கொண்டுபோனார். முழுக் கோலத்தையும் அப்படிச் சுற்றி வர ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். மகள் மூச்சுகூட விடவில்லை. வலது மூலையில் விரல் நின்றது. “இங்க திரும்பியிருக்கணும், நீ நேரா போயிட்ட. அதான் இந்தப் புள்ளி வெளிய நிக்குது.” அப்புறம் இடது பக்கத்தைக் காட்டி, “இந்த மூணு வளைவும் ஒரே அளவுல வந்திருக்கு. எனக்கு இப்பல்லாம் கை நடுங்குது, இப்படி வராது” என்றார். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மகள் ஈரத்துணி எடுத்து அந்த மூலையை மட்டும் துடைத்தாள். தரை காய வேண்டும் என்று விசிறியைக் கொண்டுவந்து வீசினாள். மறுபடி போட்டாள். சரியாக வந்ததா என்று என்னிடம் கேட்கவில்லை, பெரியம்மா மாதிரியே விரலை மேலே வைத்துச் சுற்றிப் பார்த்தாள். நான் போனை எடுத்தேன். “எடுத்துக்கோ, ஆனா குரூப்ல போடாத” என்றாள்.

அச்சு இன்னும் படிக்கட்டில்தான் இருக்கிறது. நாளைக்குப் பள்ளிக்கூடம், நேரமாகிவிட்டால் தாமரைதான் போடுவாளாம். பொங்கலன்று 21 புள்ளி. அதற்கு வாசல் பத்தாது, உங்கள் பைக்கைத் தள்ளி நிறுத்துங்கள் என்று அவள் நைனாவிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.